கூடம் முழுக்கப் பாத்ரூம் டைல்ஸ்

விழுந்து எழுந்ததிலிருந்து பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, வீட்டின் பின்பக்கம் வரைக்கும் நடக்க வேண்டும். அந்தக் கூடத்தில்தான் போன மழைக்காலத்தில் ஈரக்காலோடு வந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன் செய்து தகடு வைத்து மூடிவிட்டு, இனி தாராளமாக நடக்கலாம் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்வார். அவரா வந்து என் வீட்டுக் கூடத்தில் நடக்கப் போகிறார்?

சிவப்புச் சிமெண்டுத் தரை அது. கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த நாளிலிருந்து தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பாக்கியவள் நான்தான். அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை. மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். வீட்டுக்காரர் காலையில் பட்டுக்கடைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். பகலெல்லாம் கூடத்து ஜன்னலோரம் பாயைப் போட்டு உட்கார்ந்து, கடைக்காரர்கள் அனுப்பும் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருப்பேன். கைக்கு வேலை இருந்தால் போதும், காலைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

அவர் கடைக்குக் கிளம்பும்போது பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். "டாக்டர் சொல்லிக்கீறாரு, நல்லா தண்ணி குடிக்கணும், சரியாம்மா?" என்று தினமும் ஒரு பாட்டு. நானும் தலையாட்டுவேன். அவர் தெருமுனை திரும்பினதும் ரெண்டு வாய் குடித்துவிட்டு மீதியை ஜன்னல் கம்பி வழியாக வெளியே தொட்டியில் இருக்கும் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவேன். சாயங்காலம் காலி பாட்டிலைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவார். செம்பருத்தியும் நன்றாகத்தான் தழைத்தது. இவ்வளவு பூ இந்தச் செடியில் என்றைக்கும் பூத்ததில்லை என்று அவரே சொன்னார். எனக்கு நாக்கு வறண்டிருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? ஐம்பது வயதைத் தாண்டினவள், சொந்த வீட்டில் ஒண்ணுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்? அவரும் தாங்கமாட்டார். ஆஸ்பத்திரியில் என்னைவிட அவர்தான் அதிகமாக அழுதார்.

தை பிறந்ததும் தரையை மாற்றிவிடுவது என்று அவரே முடிவு செய்தார். "உனக்காகத்தான்" என்றார். அந்த "உனக்காகத்தான்" எனக்கு அலுத்துப்போன வார்த்தை. ஓரிக்கையில் அவர் தங்கச்சி புது வீடு கட்டியிருந்தாள். கூடம் முழுக்கக் கண்ணாடி போல டைல்ஸ். கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது எல்லாரும் குனிந்து குனிந்து தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நான் வாசலிலிருந்து சுவரைப் பிடித்தபடியே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவள், கிளம்பும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே வாங்கிக்கொண்டேன். அந்தத் தரை இவர் மனசில் ஒட்டிக்கொண்டது எனக்கு அன்றைக்கே தெரியும்.

டைல்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கடை இல்லை, ஊரில் இருக்கிற கடை அத்தனையும். ஆட்டோவில் ஏறி இறங்குவதே எனக்குப் பெரும்பாடு. இவர் பட்டுக்கடையில் கல்யாண வயசிலிருந்து புடவை எடுத்துப் போடுகிறவர். மெத்தையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வீசுவார். நூறு புடவையைக் கலைத்துப் பார்த்துவிட்டு "வேற காட்டுங்க" என்கிற ஜனங்களைப் பற்றி ராத்திரிச் சோற்றின்போது என்னிடம் வண்டி வண்டியாகத் திட்டுவார். டைல்ஸ் கடையில் போய் இவர் செய்ததையெல்லாம் பார்க்க வேண்டுமே! டைல்ஸை எடுத்துப் புறங்கையால் தடவுவது. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது, அங்கே என்ன ஜரிகையா இருக்கிறது? பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பது.

"இன்னா சார், வெளிய எடுத்துக்கினு போறீங்க?" என்று விற்பனையாள் பின்னாடியே ஓடினான்.

"லைட்டு வெளிச்சத்துல கலரு ஏமாத்தும்பா. வெயில்ல பாத்தாதான் நெசக் கலரு."

"பொடவையா சார் இது?"

"எதுவா இருந்தா இன்னா? சரி, பாடி இந்தக் கலரு. ஓரத்துல அரக்குல ஒரு பார்டர் வருமா?"

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, வலியும் வந்தது. "வேற காட்டுப்பா" என்று இவர் சொன்னபோது வாய்விட்டே சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

கடைசியில் ஒரு கடையில் மாம்பழக் கலரில் ஒன்று அகப்பட்டது. தங்கச்சி வீட்டுத் தரையைவிடப் பளபளப்பு. வெயிலில் பிடித்தால் கண் கூசியது. இவர் முகமும் அதே மாதிரி மின்னியது. "எப்படி இருக்குது பாரும்மா! தடவிப் பாரு, பட்டு மாதிரி வழுக்கிக்கினு போவுது!" என்று என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

வழுக்கிக்கொண்டு போகிறதாம். இடுப்பில் தகடு வைத்துக்கொண்டிருப்பவளிடம் சொல்கிறார்.

"வழுக்காததா ஒண்ணு காட்டுப்பா" என்று நான் விற்பனையாளிடம் கேட்டேன்.

அவன் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினான். ஈரச் சாம்பல் நிறம். மேலெல்லாம் சொரசொரவென்று பொடி மணலைத் தூவினது போல் இருந்தது. "இது ஆன்ட்டி ஸ்கிட் மேடம். ஆனா இத பாத்ரூமுக்கு, கார் நிறுத்துற எடத்துக்குத்தான் போடுவாங்க. கூடத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

"இதுவா?" வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலு பேரு வந்து போற கூடத்துல பாத்ரூம் டைல்ஸ் போடச் சொல்றியா? ஊரே சிரிக்கும்மா. நீ பொடவைய வெச்சுக்கினு உக்கார்ற எடம் வேற. பட்டு மாட்டி இழை இழுத்துக்கினா கடைக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் பாய் போட்டுத்தானே உக்கார்றேன்."

"அழுக்கு புடிக்கும். தொடைக்கவே முடியாது. சொன்னாக் கேளு. உனக்காகத்தானே இவ்ளோ அலையறேன்?"

மறுபடியும் அந்த வார்த்தை. எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். கடை என்றும் பார்க்கவில்லை, ஆள் நிற்கிறான் என்றும் பார்க்கவில்லை.

"ஏங்க, உங்க கடைல பொடவை வாங்க வர்றவங்க தோள்ல போட்டுக் கண்ணாடில பாக்காம வாங்கிக்கினு போறாங்களா? நீங்களே சொல்லுவீங்களே, கட்டிக்கப் போறவங்க போட்டுப் பாக்கட்டும், கூட வந்தவங்க கம்முனு இருக்கட்டும்னு. இது மேல நடக்கப் போறது யாரு? நீங்களா? உங்க தங்கச்சியா? எல்லாத்தையும் உங்க கைதான் பாத்துச்சு. என் காலு பாக்க வேணாமா?"

நான் செருப்பைக் கழற்றினேன். அந்த மாம்பழக் கலர் டைல்ஸில் நாலைந்தை வரிசையாகத் தரையில் போடச் சொன்னேன். கொஞ்சம் தண்ணீரும் ஊற்றச் சொன்னேன்.

"தண்ணியா மேடம்?"

"எங்கூட்ல மழை பெய்யும்பா. ஊத்து."

அவன் தன் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து பயந்து பயந்து தெளித்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "நில்லு, நான் இருக்கேன் இல்ல? ஒண்ணும் ஆவாது" என்றார். நல்ல காலை முதலில் வைத்தேன். அடுத்த காலையும் தூக்கி வைத்துவிட்டேன். வழுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு இம்மிகூட வழுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க என்னால் முடியவில்லை. கால்விரல்கள் தாமாகவே சுருண்டுகொண்டன. இடுப்பு உடைந்த அன்றைக்குக் கேட்ட சத்தம் காதில் கேட்டது. பட்டப்பகலில், ஆட்கள் நடுவில், புருஷன் பக்கத்தில் நிற்கிறபோதே எனக்கு அப்படிப் பயமாக இருந்தது. அவர் சட்டைக் கையை நான் இறுக்கிப் பிடித்த பிடியில் தோள் தையல் படீரென்று விட்டது.

அவர் கிழிந்த சட்டையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கிளம்பும்போதும் நான் பாயில் உட்கார்ந்திருப்பேன், திரும்பி வரும்போதும் பாயில்தான் இருப்பேன். ராத்திரியில் போக வேண்டுமென்றால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் எதையும் பிடிக்காமல் தனியாக நடந்து அவர் பார்த்ததே இல்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

"எடுத்துடுப்பா இத" என்றார். "அந்தச் சாம்பல் கலரப் போடு."

போட்டான். அதற்கும் தண்ணீர் தெளித்தான். அதன் மேல் ஏறினதும் பாதத்தை ஏதோ பிடித்து நிறுத்துவது தெரிந்தது. ஒரு அடி வைத்தேன், இன்னொரு அடி வைத்தேன், கோடி வரைக்கும் போய்த் திரும்பியும் வந்தேன். அவர் சட்டையை எப்போது விட்டேன் என்று எனக்கே நினைவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"இதையே போட்டுடலாம்" என்று விற்பனையாளிடம் சொன்னார். "கூடம், சமையக்கட்டு, பின்னால பாத்ரூம் வரைக்கும், எல்லாம் இதான்."

"கூடத்துக்குமா சார்? பார்டர் ஏதாச்சும்..."

"வேணாம்பா."

அந்த டைல்ஸை அவர் வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

வேலை நடந்த நாட்களைப் பற்றிப் பேசினாலே எனக்குக் களைப்பு வருகிறது. ஒரே தூசி. பட்டு வீட்டுக்குள் இருக்கக் கூடாதென்று குஞ்சம் கட்டுகிற வேலையை நிறுத்திவிட்டேன். பழைய தரைக்கு மேலேயே ஒட்டியதில் தரை உயர்ந்துபோய்க் கதவு எதுவும் திறக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாக் கதவையும் அடியில் இழைக்க வேண்டியதாயிற்று. எல்லாம் முடிந்து பார்த்தால் கூடம் மழைக்கால வானம் மாதிரி மந்தமாக இருக்கிறது. அவர் சொன்னது போல அழுக்கும் பிடிக்கிறது. அந்தச் சொரசொரப்பில் துடைப்பத்தைப் போட்டு அழுத்திப் பெருக்கினால் தோள்பட்டை விட்டுப்போகிறது. அழகு என்று எந்தப் பொய்யும் சொல்ல முடியாத தரை.

ஓரிக்கை நாத்தனார் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னா அண்ணி இது, கூடத்துலயே பாத்ரூம் டைல்ஸ் போட்டுக்கீறீங்க?" என்றாள்.

என்ன பதில் சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "உனக்குத் தெரியாதும்மா. இதான் இப்பப் புதுசு. மெட்ராஸ்ல பெரிய பெரிய ஊட்ல எல்லாம் இதான் கேக்கறாங்க. பளபளப்பெல்லாம் பழைய டிசைனு" என்றார். கடை மெத்தையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்கச் சொன்ன பொய்தான், கொஞ்சமும் நாக்குக் குழறவில்லை. நாத்தனார் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, செம்பருத்தி வாடிக்கினு இருக்குது பாரு. இலையெல்லாம் கொட்டிப்போச்சு. அவ்ளோ நல்லா பூத்துக்கினு இருந்த செடி, பூச்சி கீச்சி புடிச்சிருச்சா?"

நான் ஜன்னலோரம் ஒரு புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் பிடித்து வைத்த பாட்டில், பாதிக்கு மேல் காலியாக. அன்றைக்கு ஏன் சொன்னேனோ தெரியாது. மறைத்து மறைத்து அலுத்துப்போயிருக்கும்.

"பூச்சி இல்லீங்க. நீங்க வெச்சுட்டுப் போற தண்ணியத்தான் அதுக்கு ஊத்திக்கினு இருந்தேன். இப்ப நானே குடிச்சிடறேன்."

அவர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையும் பாட்டிலையும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு?"

"குடிச்சாப் போவணும் இல்ல. நடக்க பயமா இருந்துச்சு."

"நாள் பூராவுமா?"

"நீங்க வர்ற வரைக்கும்."

அவர் உள்ளே வந்து, பாட்டிலை எடுத்து அதில் மீதியிருந்த தண்ணீரை ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றினார். சமையலறைக்குப் போய் மறுபடி நிறையப் பிடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் நான் எழுந்தேன். அவரும் எழுந்து தோளைக் காட்டினார்.

"வேணாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நானே பின்பக்கம் போய்விட்டு வந்தேன்.