பிரேக் கம்பிக்கு நகப்பூச்சு

சண்டை முடிந்து, இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த மன்னாருக்குத் திரும்பிப் போவதா இங்கேயே இருந்துவிடுவதா என்று எங்கள் ஆண்கள் ஆலங்குடாச் சந்தித் தேநீர்க் கடையில் தினமும் முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தினமும் வேறு முடிவு. அந்தச் சபையில்தான் என் கணவர் எங்கள் சைக்கிளின் பிரச்சினையையும் வைத்தார்.

பிரச்சினை சின்னது. புதிதாக மாட்டிய பின்பிரேக் கம்பியின் நுனி இழை இழையாகப் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில், பின்னால் உட்கார்ந்திருந்த என் அபாயாவை அது பிடித்து முழங்கால் வரை கிழித்துவிட்டது.

"இதச் சரிபண்ணாட்டி இனி நடந்துதான் போவணும், நீங்களும்தான்" என்றேன். நடப்பது என்றதும் அவருக்கு அக்கறை வந்துவிட்டது.

கடையில் ஒருவர் நூல் சுற்றச் சொன்னார். கணவர் சுற்றினார், அறுந்தது. இன்னொருவர் மெழுகுதிரியை உருக்கி ஊற்றச் சொன்னார். எங்கள் ஊர் வெயில் அதை மத்தியானத்துக்குள் மறுபடி உருக்கியது. அடுத்த ஆலோசனை, கடும் பசை. அதில் கம்பியோடு அவருடைய பெருவிரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

எனக்குச் செய்தி வந்தபோது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கணவர் சைக்கிளோடு சைக்கிளாகக் குந்தியிருந்தார். சுற்றி நின்றவர்கள், பசை ஒட்டிய விரலோடு, தொழுமுன் கைகால் கழுவும் வுளூ கூடுமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"தோலுல தண்ணி படணும். கூடாது."

"நிர்ப்பந்தம் எண்டா கூடும் மச்சான்."

"மொதல்ல இந்த மனிசன்ட வெரல எடுக்க விடுங்க" என்றேன். ஊறவைத்ததும் விரல் மெல்லக் கழன்றது.

அன்று பின்னேரம் நானே உட்கார்ந்தேன். பிரிந்த நுனியைக் கூரான குறட்டால் வெட்டினேன். மிச்ச இழைகளை அவை முறுகியிருந்த பக்கமே முறுக்கி, நகப்பூச்சைத் தடவினேன். காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. தொழுகைக்கு ஆகாது என்று தங்கச்சி பூசாமலே அலுமாரியில் வைத்திருந்த ரோஸ் நிறப் போத்தல் அது.

"இது பூசினா வுளூ கூடாதே" என்றார் கணவர், விரலை ஊதிக்கொண்டு.

"சைக்கிள் தொழுவுறல்லதானே."

அதன்பிறகு இழை பிரியவில்லை. ஒரு வாரத்துக்குள் அது சந்தியில் அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டது. சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். நான் குந்தியிருந்து பூச, அவர் நின்றபடி விளக்கம் சொன்னார்.

"ஒங்கட மனிசனுக்கு நல்ல மூள, தாத்தா" என்றார் வந்த ஒருவர், என்னை அக்கா முறை வைத்து.

"ஓம்" என்றேன். "அந்தக் கம்பிய ஆடாமப் புடிங்க."