நான்கு நாள் வேது

அன்று ஆசுபத்திரி வாட்டில் கட்டிலில் கிடந்தவர் என் கணவர். தலைமாட்டில் அவருடைய அக்கா, என் மச்சாள். கால்மாட்டில் நான். எதிரே பெண் டொக்டர். ஊசியோடு ஒரு தாதி. வேறு ஒருவரும் இல்லை.

அவருக்கு இரத்தப் புற்றுநோய். பண்டத்தரிப்பில் வெங்காயப் பயிர் செய்கிற ஆள். மருந்து ஏற்றத் தொடங்கியபோது, இரத்தத்தை உறைய வைக்கிற புரதம் இதனால் குறையும், எங்காவது கசிந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். வேறும் சொன்னார்கள். என் தலையில் நின்றது இதுதான்.

சவர அலகை ஒளித்தேன். முள் மீனை நிறுத்தினேன். தினமும் காலையில் ரோச் வெளிச்சம் அடித்து, பல் முரசில், ஈறு ஓரமெல்லாம், இரத்தம் கசிகிறதா என்று பார்த்தேன்.

"மாடு வாங்கிறவையும் உப்பிடித்தான் பல்லுப் பாக்கிறவை. நான் என்ன விலை போவன்?"

"உந்த வாய்க்கு ஒருத்தரும் வாங்காயினம்."

பிறகு தலையிடி வந்தது. முரசில் இரத்தம் இல்லை. மூக்கிலும் இல்லை. அப்படியென்றால் மருந்தின் வேலை இல்லை, முழுகின குளிர்தான் என்று நினைத்தேன். நொச்சி இலை அவித்து, போர்வையால் மூடி, வேது பிடித்தேன்.

"என்னைப் புட்டெண்டு நினைச்சு அவிக்கிறாய்."

"கதையாமல் ஆவியைப் பிடியுங்கோ."

அடுத்த நாளும் பிடித்தேன். அதற்கடுத்த நாளும். நான்காம் நாளும் பிடித்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பை விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலக்கை வரவில்லை. ஓட்டோ பிடித்தோம்.

டொக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"தலைக்குள்ளை இரத்தம் உறைஞ்சு குழாயை அடைச்சிருக்கு."

"உறையாதெண்டல்லோ சொன்னவை?"

"உறையாமல் தடுக்கிற புரதமும் இருக்கம்மா. மருந்து அதையும் குறைக்கும். கசியவும் கூடும், கட்டியாகவும் கூடும். தலையிடி எப்ப துவங்கினது?"

"நேற்று," என்றார் மச்சாள். என்னைக் காப்பாற்றத்தான்.

"இல்லை டொக்டர். நாலு நாள். நான் வேது பிடிச்சனான்."

டொக்டர் நாலு நாள் என்று எழுதிக்கொண்டார். கட்டி பெருகாமல் இருக்க, தாதி என் கணவரின் வயிற்றில் ஊசி போட்டார். ஓடிவிடும் என்று நான் காவல் இருந்த இரத்தம் உள்ளே கட்டியாக நின்றிருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

உயிர் தப்பியது. இந்த முறை வெங்காயம் நானும் மச்சாளும் நட்டோம். அவருடைய வலக்கையில் அசைகிற விரல் இரண்டு.