அமாவாசைக்கு ஓர் ஒட்டு

காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். கோழிப்பண்ணைகளுக்கான மென்பொருள் செய்கிறோம். எந்தப் பண்ணைக்குக் கோழி பிடிக்க லாரி எப்போது போக வேண்டும் என்று அது முடிவு செய்யும். வெட்டுக்குப் போகும் கோழி வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதால், தீனியை நிறுத்தச் சொல்லி முந்தைய இரவே பண்ணைக்காரருக்கு மெசேஜும் அனுப்பும். இவ்வளவுதான். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் 'முடியாது' என்பது கெட்ட வார்த்தை. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் முதலாளி ஃபோனிலேயே "செஞ்சுபோடலாங்க" என்றுவிடுவார். ஒருவருக்கு ராகு காலத்தில் லாரி கிளம்பக்கூடாது. இன்னொருவருக்குக் குலதெய்வக் கோயில் நோம்பியன்று எதுவும் நகரக்கூடாது. கடைசியாக வந்த பல்லடத்துக்காரருக்கு அமாவாசையன்று உயிரை வெட்டுக்கு அனுப்பக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒட்டு. இப்படி அவசரத்துக்கு ஒட்டிவிட்டு ஒழுங்கான வேலையை நாளைக்குத் தள்ளுவதை எங்கள் தொழிலில் கடன் என்பார்கள். எனக்கு அது விட்டு விட்டு வரும் பல்வலி மாதிரி பழகிவிட்டது.

என் குழுவில் இன்னும் கோபப்படத் தெரிந்தவள் ஒருத்திதான். அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள்.

"எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி எழுதோணுங்ணா. ரெண்டு வாரம் புது வேலை வேண்டாம். இல்லீன்னா நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்" என்றாள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஓடிட்டுத்தானுங்களே இருக்குது? பார்க்கலாங்க" என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. அங்கே எனக்குப் பயம் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

பல்லடத்துக்காரருக்குப் போட்ட ஒட்டுக்குப் பிறகு முதல் அமாவாசை வந்தது. லாரியை அது ஒழுங்காக மறுநாளைக்குத் தள்ளியது. மெசேஜைத் தள்ள அதற்கு நாங்கள் சொல்லித்தரவில்லை. காலையில், அவருக்குக் கோழி வளர்த்துத் தரும் பண்ணைக்கார அம்மா ஒருவர் கூப்பிட்டார். அவள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங் கண்ணு, தீனியை நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திப்போட்டேன். வண்டியே காணோமுங்க. கோழியெல்லாம் ஒண்ணையொண்ணு கொத்திக்குதுங்க. கொஞ்சம் தீனி போடட்டுங்களா?"

"போடுங்கம்மா, இப்பவே போடுங்க" என்றாள். அந்த அம்மா "ரொம்ப சந்தோசமுங்க" என்று வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"இனி யார் ஒட்டுக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லீருவேங்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்லட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மதியம் பல்லடத்துக்காரரே அழைத்தார். முதலாளி வெளியே போயிருந்தார். மறுபடி அவள்தான் எடுத்தாள்.

"பரவால்லீங்க அம்மணி, தப்பு நடக்கறதுதானுங்க. அமாவாசைக்கு மட்டும் அந்த மெசேஜையும் தள்ளிப்போடுங்க. நாளைக்குள்ள ஆகுமுங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். நான் என் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"செஞ்சுபோடலாங்க" என்றாள்.

சாயங்காலத்துக்குள் செய்தும் முடித்தாள். அதன் பிறகு அவள் அந்த இரண்டு வார அவகாசத்தைக் கேட்கவே இல்லை. வேலையை விடவும் இல்லை. அவளைப் போகாமல் பார்த்துக்கொண்டதற்கு முதலாளி என்னைப் பாராட்டினார். நன்றிங்க என்றேன்.