ஆணிக்காரி ஓடவில்லை, நடந்தாள்

ஓடிப்போனாளாம். யாரோடு? படங்களுக்குச் சட்டம் போடுகிறவரோடு! அந்த மனிதருக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒரு மாடி ஏறுவதற்குள் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். அவரோடு ஒருத்தி ஓடினாள் என்றால், அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்க வேண்டும். சொல்கிற வாய்க்கு வெட்கம் இல்லாவிட்டால் போகட்டும், கேட்கிற காதுக்காவது கொஞ்சம் புத்தி வேண்டாமா?

இன்னொரு கூட்டம், அண்ணன்காரன் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான் என்கிறது. அதுவும் பொய். அவன் தள்ளவில்லை, கதவை மறித்துக்கொண்டு நின்றான். தள்ளுவதற்கும் மறிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எல்லாம் இந்தத் தெருவில் நியாயம் பேசக் கிளம்பிவிட்டார்கள். நடந்ததை முழுக்கக் கேளுங்கள். அப்புறம் பேசுங்கள்.

ஆணிக்காரி என்பது நீங்கள் வைத்த பேர்தான். அவள் பையில் எந்நேரமும் ஆணியும் சுத்தியலும் ரசமட்டமும் கிடக்கும். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் போகுமே, அதுதான் ரசமட்டம். அவள் தொழில் ஓவியங்களைப் பற்றி எழுதுவது, ஓவியக் கண்காட்சி அமைப்பது. யாருடைய படம், எதற்குப் பக்கத்தில் எது, எந்தச் சுவரில், என்ன உயரத்தில், எல்லாம் அவள்தான் முடிவு செய்வாள். மேலே அதிகாரி கிடையாது. நீங்கள் ‘வெட்டியாகத் திரிகிறாள்’ என்று சொன்னது இதைத்தான்.

இந்தப் பித்து சின்ன வயதிலேயே பிடித்தது. அப்பா ஒருநாள் நாற்காலி மேல் ஏறி, கூரையை ஒட்டிக் காலண்டரை மாட்டினார். இவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது யாருக்குப்பா, பல்லிக்கா?” என்று கேட்டாள். அப்பா சிரித்துவிட்டு இறக்கி மாட்டினார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். பார்க்கப்போவது யார், அவர்கள் கண் எங்கே இருக்கும்?

வளர்ந்து ஒரு பத்திரிகையில் சேர்ந்தாள். ஆசிரியரின் நண்பர் படம் வரைகிறவர். நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். இவள் போய்ப் பார்த்தாள். வந்து, ‘சட்டங்கள் நன்றாக இருக்கின்றன’ என்று எழுதிக் கொடுத்தாள். அப்படியே அச்சாகிவிட்டது, ஆசிரியர் படிக்காமல் அனுப்பியது அவள் குற்றமா? அந்த வாரமே வேலை போயிற்று. அந்தச் சட்டங்களைப் போட்டவர்தான் நீங்கள் கதை கட்டுகிற பெரியவர். வாழ்நாளில் தன்னைப் பற்றி அச்சில் வந்த ஒரே வரி என்று அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார். அவர்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான். போதுமா?

அதன் பிறகு அவள் யாரிடமும் வேலைக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதினாள். மூடிக்கிடக்கும் கடையை யாராவது சும்மா விட்டுவைத்திருந்தால் கெஞ்சிச் சாவி வாங்கி, ஒட்டடை அடித்து, வெள்ளை பூசி, படங்களை மாட்டுவாள். படத்தின் எதிரிலேயே உட்கார்ந்து கட்டுரை எழுதுவாள், எழுதியதைப் படத்துக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். எந்த வரியைப் படிக்கும்போது தனக்கே கூச்சமாக இருக்கிறதோ அதை அடித்துவிடுவாள். ‘தனியாகப் பேசுகிறாள், மண்டையில் ஏதோ கோளாறு’ என்று பேச்சு கிளம்பியதே, அது இங்கிருந்துதான்.

ஆஸ்பத்திரி அக்காவை அவள் கண்டுபிடித்தது அப்படி ஒரு கடையில்தான். ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள் அந்த அக்கா. கண்காட்சி பார்க்க வந்தவள், போகும்போது, “நானும் வீட்டுல சும்மா போட்டு வச்சிருக்கேன்மா, சிரிக்காம பாக்கணும்” என்றாள். ஆணிக்காரி போனாள். ஒற்றை அறை. மருந்துப் பெட்டி அட்டைகளில் வரைந்த படங்கள் தரையோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றன. குந்தி உட்கார்ந்தாள். கட்டிலின் அடிப்பக்கம் மூஞ்சிக்கு நேரே வருகிறது. டாக்டரின் காலணி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தள்ளுவண்டிச் சக்கரம் மேலே ஏறப் பார்க்கிறது. தரையில் உட்கார்ந்து துடைக்கிறவள் கண்ட ஆஸ்பத்திரி அது. எழுந்து நின்று பார்த்தாள், வெறும் அட்டை. உட்கார்ந்தாள், ஆஸ்பத்திரி.

“அக்கா, இத நான் தரையோரமாத்தான் மாட்டுவேன்” என்றாள்.

“என் படத்துக்கு அவ்வளவுதான் மரியாதையா?”

“இல்லக்கா. பாக்கறவங்க உக்காரணும். அதான் மரியாதை.”

அந்தச் சமயத்தில் ஊரில் புதிதாகப் பெரிய ஓவியக்கூடம் ஒன்று திறந்தார்கள். அதன் இயக்குநர் அண்ணனோடு படித்தவர். அண்ணன் ஆபீஸில் சூப்பரின்டெண்ட். கெட்டவன் இல்லை, மேசைமேல் பேனா கோணலாகக் கிடந்தால்கூடத் தூக்கம் வராத ஆள், அவ்வளவுதான். தங்கைக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி கிடைக்கட்டும் என்று அவரிடம் போய்ச் சொன்னான். ஆணிக்காரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள், முதல் கண்காட்சி அக்காவின் படங்கள், மாட்டுவது தன் இஷ்டம். இயக்குநர் தலையாட்டினார். அது நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம் என்றார்.

தலையாட்டியவர், மாட்டியதைப் பார்த்ததும் மிரண்டுபோனார். அத்தனை பெரிய வெள்ளைச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது, படமெல்லாம் முழங்காலுக்குக் கீழே. அவளிடம் பேசப் பயந்து அண்ணனுக்குப் போன் போட்டார். “நாளைக்குப் பெரிய மனுஷங்க வராங்க. அவங்களப் போய் தரையில உக்காருன்னா சொல்ல முடியும்? உன் தங்கச்சிதானே, நீயே ஏதாவது பண்ணு.”

அண்ணன் பண்ணினான். தங்கை கண்காட்சிக் கையேடு வாங்க அச்சகத்துக்குப் போயிருந்த மாலையில் கூடத்துக்குப் போய், அங்கிருந்த ஆட்களை வைத்து, அவள் விட்டுப்போன ரசமட்டத்தையே வைத்துப் பார்த்து, அத்தனை படத்தையும் நிற்கிற ஆளின் கண் உயரத்துக்கு ஏற்றிவிட்டான். வீட்டுக்கு வந்து மனைவியிடம், “ஒரு நூல் பிசகல. அவளுக்கே தெரியாது, அவ்வளவு சுத்தமா இருக்கு” என்று பெருமைப்பட்டுக்கொண்டான். அண்ணி அடுக்களைக்குள் போனாள். அங்கே அவள் காய் நறுக்க உட்காருகிற இடத்துக்கு எதிரில், உட்கார்ந்த கண்ணுக்கு நேராக, ஆணிக்காரி என்றோ மாட்டிவைத்த சின்னக் கடல் படம் ஒன்று இருந்தது.

மறுநாள் திறப்புவிழா. ஆணிக்காரி உள்ளே வரும்போதே கூட்டம் நிறைந்திருந்தது. அக்கா நல்ல சேலை உடுத்தி, தன் படங்களுக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“நல்லாத்தாம்மா இருக்கு” என்றாள் மெதுவாக. “ஆனா யாரோ போட்ட மாதிரி இருக்கு.”

ஆணிக்காரிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பையைத் திறந்து ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தாள். முதல் படத்தை இறக்கினாள், ஆணியைப் பிடுங்கினாள், தரையில் உட்கார்ந்து கீழே அடித்தாள். சுத்தியல் சத்தத்தில் மொத்தக் கூடமும் திரும்பியது.

“மேடம், என்ன பண்றீங்க?” இயக்குநர் ஓடிவந்தார்.

“படம் மாட்டறேன் சார்.”

“வந்தவங்க எல்லாம் குனியணுமா?”

“குனிய வேணாம் சார். உக்காந்தா போதும்.”

சிலர் சிரித்தார்கள். முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் மட்டும், வேடிக்கைக்கோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சிரிக்கவில்லை. டாக்டரின் காலணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் நின்ற கணவரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஆணிக்காரி அடுத்த படத்துக்குப் போவதற்குள் இயக்குநர் விளக்கை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் டீ குடிக்க அழைத்துப் போய்விட்டார்.

இருட்டில் திரும்பிவந்து அவளிடம் சொன்னார்: “காலைக்குள்ள எல்லாம் மேல ஏறணும். இல்லன்னா படம் வெளிய போகும்.”

“படம் தனியாப் போகாது சார். நானும் கூடவே போறேன்.”

மறுநாள் காலை வீட்டு வாசலில் நடந்ததைத்தான் நீங்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறீர்கள். ஆணிக்காரி பையோடு மாடியிலிருந்து இறங்கினாள். அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான்.

“ஒரே ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிடு. நான் இயக்குநர்கிட்ட பேசிட்டேன், அவன் விட்டுடுவான்.”

“நீ எனக்குத் தெரியாம மாட்டினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமாண்ணா?”

“உன் நல்லதுக்குத்தானே பண்ணேன்! நேரா, அழகா இருந்துதா இல்லையா?”

“நேராத்தான் இருந்துது. அக்காவுக்கே அடையாளம் தெரியல.”

“ஊர்ல எல்லாரும் மாட்டற மாதிரிதானே மாட்டினேன்?”

“ஊர்ல எல்லாரும் தரை துடைச்சாங்களா?”

அண்ணனுக்குக் கோபம்தான் வந்தது. “இந்தக் கதவத் தாண்டினா திரும்பி வந்து நிக்காதே. என் மானம் போச்சு.”

அப்போது அண்ணி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் அந்தக் கடல் படம். “இத விட்டுட்டுப் போறியே” என்று நீட்டினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“அது உங்களுக்கு மாட்டினது அண்ணி. மறுபடி அதே ஆணியில மாட்டிடுங்க.” பிறகு திரும்பினாள். “வழி விடுண்ணா. வண்டி நிக்குது.”

அவன் விலகினான் என்று சொல்வதா, அண்ணி அவன் தோளைத் தொட்டாள், அதனால் விலகினான் என்று சொல்வதா? கதவு திறந்தது, அவ்வளவுதான்.

வாசலில் சட்டம் போடுகிறவரின் வேன். பின்னால் முழுக்க, ராத்திரியே கூடத்திலிருந்து இறக்கி ஏற்றிய படங்கள். முன்னால் பெரியவர் ஓட்ட, பக்கத்தில் ஆஸ்பத்திரி அக்கா மடியில் ஒரு கட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அட்டையில் வரைந்த கட்டிலைத்தான். மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. அதனால் ஆணிக்காரி வேனுக்குப் பின்னால் நடந்தாள். பட்டப்பகலில், நடுத்தெருவில், கையில் ரசமட்டத்தோடு. வேன் மெதுவாகப் போயிற்று, படங்கள் ஆடக்கூடாது பாருங்கள்.

மாடி வராந்தாக்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. ஒருத்தி கேட்டும்விட்டாள், யாரென்று சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

“எங்கடி போற, மூட்டை முடிச்சோட?”

ஆணிக்காரி நின்று அண்ணாந்து பார்த்தாள். “மூடிக் கிடக்கற பழைய தையல் கடைக்கு. படம் மாட்டப் போறேன். நீங்களும் வாங்க, ஆனா தரையிலதான் உக்காரணும்.”

“எனக்கு முட்டி வலி.”

“அப்ப நாற்காலி போட்டு வைக்கிறேன். காலை வெட்டிட்டு.”

“யார் காலை?”

“நாற்காலி காலை!”

வேன் மூலை திரும்பியது, அவளும் திரும்பினாள்.