மேருவில் கெரெங்கா வீடு

போனவர்கள்: நான். என் மனைவி சாந்தி. அங்கே இருந்தவர்கள்: சாந்தியின் அக்கா கலா. அக்காவின் வீட்டுக்காரர் பாலு, எனக்குச் சகலை. பிறகு எறும்புகள்.

ஞாயிறு காலை 7.40. சாலாக் செலாத்தானில் கொம்யூட்டர் ரயில் ஏறினோம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி கிள்ளான் வண்டிக்கு மாற வேண்டும்.

போன காரணம் ஒன்றுதான். என் வீட்டு முன்னால் ஒரு மாமரம் இருக்கிறது. காய்க்கும். அறுத்தால் புழு. பாலு அண்ணன் பழத்தில் புழு இருக்காது. அவர் மரத்தில் கெரெங்கா இருக்கிறது. தமிழில் முசுறு என்பார்கள். இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. காய்மேல் ஒரு பூச்சியை உட்கார விடாது. அதில் ஒரு கூடு கேட்கப் போனேன். அவரிடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. சீசன் வந்தால் என் வீட்டில் அவர் பேச்சுத்தான். அவர் பழத்தை நான் தொடுவதில்லை.

“அத்தான்கிட்ட நீங்களே கேளுங்க,” என்றாள் சாந்தி.

“கேக்குறேன்.”

“இந்த மூஞ்சியோடயா?”

ஷா ஆலாம் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

9.25. கிள்ளான். அங்கிருந்து மேருவுக்கு ஒன்பது கிலோமீட்டர். கிராப் டாக்சிக்குப் பதினொரு வெள்ளி. ஓட்டியவர் தமிழர்.

“கெரெங்கா வீட்டுக்கா அண்ணே? தெரியும் லா. போன சீசன்ல எனக்கே ஒரு பை பழம் குடுத்தாரு. தேன் அண்ணே, தேன்!”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றேன்.

10 மணி. பாலு அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் மூன்று மாமரம். முதல் இரண்டுக்கும் நடுவே நீல நைலான் கயிறு கட்டியிருந்தார். அதன் மேல் கெரெங்கா போவதும் வருவதுமாக இருந்தது. காய்கள் குலைகுலையாகத் தொங்கின. ஒன்றில்கூடக் கரும்புள்ளி இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த இரண்டு மரத்தடியிலும் வேறு எறும்பே கிடையாது. பிஸ்கட் தூள் போட்டுப் பார்த்தேன். கெரெங்காதான் வந்தது. மூன்றாவது மரம் வேலியோரம். அதிலும் இந்த வருடம் கெரெங்கா தானாக வந்திருந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பத்தடி மண். அதில் மட்டும் கறுப்பு, பொடிசு என்று சின்ன எறும்புகள் திரிந்தன. இரண்டு பக்கத்துக் கெரெங்காவும் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை.

கூடு கேட்டேன்.

“ஒன்னு என்ன சகல, ரெண்டா எடுத்துக்க. மொதல்ல மூணாவது மரத்துக்கும் ஒரு கயிறு கட்டிடு. மூணும் ஒன்னாயிடட்டும். நீதான் வாழையில கட்டு போடுறவனாச்சே.”

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழையிலையைக் கட்டுக் கட்டிப் போடுவது என் வேலை. எறும்பு ஏறாமல் இருக்க, கை நிறையப் பிள்ளைப் பவுடர் பூசிக்கொண்டேன்.

“அண்ணே, நடுவுல ஒன்னும் தாண்ட மாட்டேங்குதே. வேற வேற கூட்டமோ?”

“கெரெங்காவுல என்ன லா வேற கூட்டம்? எல்லாம் ஒரே செவப்பு. கட்டு, கட்டு.”

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. கட்டினேன். இறுக்கமான முடிச்சு.

11.15. கயிற்றின் நடுவில் இரண்டு பக்கமும் சந்தித்தன. மீசையால் தொட்டுப் பார்த்தன. அடுத்து ஒன்றின் காலை இன்னொன்று கவ்வியது. ஒன்றை நான்கு சேர்ந்து இழுத்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். கோழிப் பிரட்டல், ரசம்.

1.30. கலா அண்ணி பின்வாசலில் இருந்து கத்தினார். “என்னங்க! மரத்தடி பூரா செவப்பாக் கெடக்கு!”

கட்டிப் பிடித்தபடியே விழுந்து செத்திருந்தன. கிளைகளிலும் சண்டைதான். பாலு அண்ணன் பாராங்கத்தியால் கயிற்றை வெட்டினார். கழுத்தெல்லாம் கடி வாங்கினார். கயிறு போயும் சண்டை நிற்கவில்லை. அப்படியே குந்திவிட்டார்.

“மீன் தல போட்டு வளத்தேன் சகல.”

கொஞ்ச நேரம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

“அத்தான், எங்களுக்குக் கூடு?” என்றாள் சாந்தி.

“இப்ப எடுத்தா இங்க ஆள் பத்தாது மா. அடுத்த சீசன் பாப்போம்.”

அதற்குள் நடுமண்ணில் இருந்த சின்ன எறும்புகள் வந்துவிட்டன. பிணங்களை இழுத்துப் போயின. கறுப்பு எறும்பு இரண்டாவது மரத்தின் அடியில் ஏற ஆரம்பித்தது. காலையில் அது அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

4.10. திரும்பும் கொம்யூட்டர். அண்ணி கொடுத்த மாம்பழப் பை சாந்தியின் மடியில் இருந்தது. வண்டி முழுக்க வாசம்.

“கட்டும்போதே உங்களுக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு. ஒரு தடவ சொன்னேன்.”

“ஒரு தடவ,” என்றாள். கே.எல். சென்ட்ரலில் பையை என்னிடம் தராமல் தானே தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் என் மரத்தடியில் உட்கார்ந்தேன். பலமான ஒரு கூட்டம் பிடித்த மரத்தில் மற்ற எறும்புக்கு இடமில்லை. என் மரத்தைப் பிடிக்க யாரும் இல்லை. அதனால் எல்லா எறும்பும் இருக்கிறது. வாலைத் தூக்கி நடப்பது, கிறுக்குப் பிடித்த மாதிரி ஓடுவது, பெரிய கறுப்பு, கண்ணுக்குத் தெரியாத பொடிசு. பழத்தைக் காக்கத்தான் ஒன்றும் இல்லை. பாலு அண்ணனுக்கு அடுத்த சீசனும் காய்க்கும். எனக்குத் தெரியும். பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து எண்ணினேன்.

ஏழு வகை.