உள்ளே போகாத புள்ளிகள்

கண்ணாடித் தகட்டில் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும்தான். அதனால் யாருடைய ஈரல், யாருடைய குடல் என்று தெரியாமலே இருபது வருடமாகச் சீவிக்கொண்டிருக்கிறேன். பாலக்கரை லேபில் என் வேலை அது. ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டரம்மாவின் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த எண் மட்டும் எனக்குத் தெரியும். என் அண்ணனின் ஈரலிலிருந்து எடுத்த புற்றுக்கட்டி.

"இதை வேற யாராவது பண்ணட்டுங்க" என்றார் டாக்டரம்மா. நான் கேட்கவில்லை. என் அண்ணனை வேறொருத்தி சீவுவதா? அவ்வளவு வீம்பு எனக்கு.

வீம்பு மட்டுமில்லை, குற்ற உணர்ச்சியும்தான். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் வியாபாரம் தொடங்கிய புதிதில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. உறையூரில் காமாலை இறக்குகிறவரிடம் கூட்டிப் போனது நான். அவர் சுண்ணாம்புத் தண்ணீரில் அண்ணன் கைகளைத் தேய்க்கத் தேய்க்க, தட்டில் இருந்த தண்ணீர் மஞ்சளாக மாறியது. மூன்று நாள் அப்படி. "இறங்கிடுச்சுங்க" என்றார். அப்போது நான் லேப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் ஹெபடைடிஸ் பி வைரஸ் என்று தெரிந்திருக்கும், ஈரலைக் கண்காணித்திருக்கலாம். கண் வெளுத்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். படித்த முட்டாள். உப்பில்லாப் பத்தியம் முறித்த அன்று வீட்டில் விரால் மீன் குழம்பு வைத்தோம்.

அடுத்த வாரம் டாக்டரம்மா நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் தனிச் சாயம் போடச் சொன்னார். அவை கட்டிக்குள் நிறையப் புகுந்திருந்தால், அது திரும்ப வரும் பயம் கொஞ்சம் குறைவு. அண்ணன் பிழைப்பாரா என்பதற்கு என் கையில் இருந்த ஒரே தடயம் அதுதான்.

நானே முதலில் பார்த்தேன். கட்டியைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில். உள்ளே ஒன்றுகூட இல்லை. காவிரியில் ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்க, படித்துறையில் கூட்டம் சும்மா நிற்பது போல நின்றன. அத்தனையும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. "போய்த் தொலைங்களேன் உள்ள" என்று வாய்விட்டே திட்டினேன்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து பார்த்தார். "இதுங்க செத்துப் போகலைங்க. உயிரோடதான் இருக்குதுங்க. ஓய்ஞ்சு போச்சு."

"எப்படி மேடம்?" என்று கேட்டு, அண்ணனுக்கு அன்று காமாலை வந்து இறங்கியதையும் சொன்னேன்.

"இந்த வைரஸ் நேரா ஈரலைக் கொல்றதில்லைங்க. வைரஸ் புகுந்த அணுவை இதுங்கதான் கொல்லுது. உங்கண்ணனுக்கு அன்னிக்கு மஞ்சள் வந்ததே அந்தச் சண்டையாலதான். அப்புறம் சண்டை அடங்கிடுச்சு, வைரஸ் உள்ளயே தங்கிடுச்சு. அப்பப்ப புகைஞ்சு புகைஞ்சு ஈரல் தழும்பாயிடுச்சு. இத்தனை வருஷம் மோதினதுல இதுங்களும் சலிச்சிடுச்சு."

அப்படியானால் நாங்கள் மீன் குழம்பு வைத்துக் கொண்டாடியது, அண்ணனுக்காகச் சண்டை போட்டவை தளர்ந்த நாளை.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தையல் பிரித்துவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன தெரிந்தது என்று கேட்டார். மழுப்பத்தான் நினைத்தேன், முடியவில்லை. உறையூர் போனதிலிருந்து அந்தப் புள்ளிகள் வரை எல்லாவற்றையும் சொல்லி, "என் தப்புதாண்ணே" என்று அழுதேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அதுங்க எந்தப் பக்கம் பாப்பா, என் பக்கமா, கட்டி பக்கமா?"

"உங்க பக்கம்தாண்ணே. ஆனா அசையல. எழுப்ப மருந்து இருக்கு. எழுந்தா சில பேருக்கு நல்ல ஈரலையும் சேர்த்துத் தாக்கும்னு சொல்றாங்க."

அவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இப்ப எனக்கு ஒரு வலியும் இல்ல. உள்ள அவ்ளோ அமைதியா இருக்கு. இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார்.

இப்போதும் தினமும் காலையில் போன் செய்கிறேன். "நல்லா இருக்கேன் பாப்பா, ஒரு தொந்தரவும் இல்ல" என்கிறார். அதைக் கேட்டதும் கட்டியைச் சுற்றிச் சும்மா நின்ற அந்தப் புள்ளிகள்தான் கண்ணில் வருகின்றன.