குழிந்த நகம்

தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர்களின் சீட்டில் தெரியாத சொல் வந்தால் நோட்டில் குறித்துக்கொள்வேன்: எழுத்து, பொருள், மூலம்.

ஒருநாள் வந்த சொல் 'கொய்லோநிக்கியா'. டாக்டரின் கிறுக்கலில் முதல் எழுத்து ஆங்கில 'சி' போலிருந்தது. அகராதியில் அரைமணி நேரம் அலைந்து, கடைசியில் 'கே'யில் பிடித்தேன். கிரேக்கத்தில் 'கொய்லோஸ்' என்றால் குழிந்தது. 'ஓனிக்ஸ்' என்றால் நகம். மோதிரத்தில் பதிக்கும் ஒரு கல்லுக்கும் அந்தப் பெயர்தானாம், நகத்தின் நிறம் அதற்கு இருப்பதால். இரும்புச்சத்துக் குறைவில் நகம் கரண்டி போலக் குழியும். சொட்டு நீர் விட்டால் வழியாமல் நிற்கும். சிலருக்கு மண், சாம்பல் தின்னத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து என் பத்து நகங்களிலும் நீர் விட்டுப் பார்த்தேன். எல்லாம் வழிந்தது. பக்கத்தில் அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான்கு மாதக் கர்ப்பம். முந்தைய வருடம் ஒன்று கலைந்திருந்தது.

"அண்ணி, கையக் காட்டுங்க."

"நகத்துல குளம் வெட்டப் போறியா பாப்பா?" என்று சிரித்தபடி நீட்டினார்.

கட்டைவிரலில் நீர் நின்றது. ஆள்காட்டி விரலிலும்.

மறுநாள் அவர் ரத்தத்தை நானே எடுத்தேன். பதினொன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழுகூட இல்லை. உடனே அம்மாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம்.

"மண்ணு, சாம்பல்னு ஏதாவது சாப்பிடுறியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அண்ணி மாமியாரைப் பார்த்தார். தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற மருமகள் என்று தெருவெல்லாம் அவரைப் பற்றிப் பெருமை பேசியவர் அம்மா.

"விபூதி," என்றார் அண்ணி, மெல்ல.

"சாமி பிரசாதத்தைப் போயி சாம்பல்னு சொல்றியே!" என்று அம்மா சீறினார். பிறகு குரல் இறங்கியது. "எவ்ளோ சாப்புடுவ?"

"ஒரு நாளைக்கு ஆறேழு பொட்டலம் அத்தை. வாய் நமநமங்குது. கோயிலுக்குப் போறதே அதுக்குத்தான்."

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதும்போது அம்மா, "ஜாஸ்தியாவே எழுதுங்கம்மா," என்றார்.

வீடு திரும்பியதும் அம்மா பூஜை அலமாரியிலிருந்த பொட்டலங்களையெல்லாம் டப்பாவில் போட்டுப் பீரோவில் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனிமே நானே பூசிவிடறேன். நெத்திக்கு மட்டுந்தான்."